வற்றாளைப் பாண்

உணவைப் பற்றி எழுதுவது தமிழ்ப் பண்டிதனுக்கு அடுத்த தொழிலன்று என்று எண்ணுவோர் சிலர் உளர். அவர்கள் பத்துப்பாட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. ஆற்றுப்படைப் புலவர்கள் வள்ளலின் ஊருக்கு வழி சொல்லும்போது மலையையும் ஆற்றையும் மாத்திரமா சொல்கின்றனர்? எந்த நிலத்தில், எவர் குடிலில், என்ன சோறு கிடைக்கும், அதற்கு என்ன கறி என்பதையும் விடாது சொல்கின்றனர். பசியோடு நடப்பவனுக்குச் சோறே முதற் செய்தி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலின், இந்த வாரம் பாண் சுடுதலைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. அதுவும் கடையில் விற்கும் பாண் அன்று. வற்றாளங்கிழங்கை மசித்துச் சேர்த்து, பனங்கட்டியும் கறுவாவும் ஏலமும் இட்டு, வீட்டிலேயே சுடும் ஒருவகைப் பாண்.

பாண் என்னும் சொல்லோடு எனக்கு வகுப்பறையில் நெடுநாட் பழக்கம் உண்டு. சங்கச் செய்யுளில் ‘பாண்கடன்’ என்றொரு தொடர் வரும். பாணரைப் பேணுதலாகிய கடமை என்பது அதன் பொருள். ஒருமுறை அதன் பொருள் யாதென்று வினவியபோது, பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “கடையிலை கடனுக்குப் பாண் வாங்கிறது, ஐயா” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் சொன்னதிலும் ஒரு பொருள் இருந்தது. அந்தக் கடன் அவன் வீட்டுக் கணக்கில் இருந்திருக்கவும் கூடும்.

சங்கப் பாண் நம்முடையது. தெருப் பாண் போர்த்துக்கேயர் தந்தது. அவர்கள் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். நேராக ஆண்டது நாற்பது ஆண்டு கூட இல்லை. ஆயினும், அவர்கள் மொழியிலிருந்து வந்த பாண், அதனைச் சுடும் போறணை, விசுக்கோத்து, குசினி, மேசை, கோப்பை ஆகிய சொற்கள் இன்றளவும் நம் நாவில் இருக்கின்றன. கோட்டையை விட்டுப் போனவர்கள் குசினியை விட்டுப் போகவில்லை.

கிழங்கின் பெயரும் உறவும்

இனிக் கிழங்கைக் காண்போம். நாம் வற்றாளை என்றும் வத்தாளை என்றும் வழங்குவதைத் தமிழ்நாட்டார் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்பர். வள்ளி என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர் சிலர் கபிலரிடம் ஓடிவிடுகின்றனர். பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களுள் வள்ளிக்கிழங்கையும் ஒன்றாகப் புறநானூற்றில் அவர் வைத்தது உண்மையே. ஆனால், அது மலைக்காட்டில் தானே வளர்ந்த வள்ளி. நம் இராசவள்ளியின் இனத்தது. மரவள்ளியோ ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. வற்றாளை வேறொரு குடும்பம். மூன்றுக்கும் வள்ளி என்ற பெயர் பொதுவாயிற்று, பிறப்புப் பொதுவன்று.

வற்றாளை பிறந்த நாடு அமெரிக்கா. கொலம்பசு 1492 இல் கடல் கடந்து சென்ற பின்னரே அது நம் திசைக்கு வந்தது. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தையினோ மக்கள் அதனை ‘பத்தாத்தா’ என்றனர். ஸ்பானியர் அப்பெயரை எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயரின் ‘பொட்டேட்டோ’வும் அதன் வழி வந்ததே. சிங்களத்தில் ‘பத்தல’ என்பர். இவற்றோடு நம் வத்தாளையையும் சேர்த்து ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். ‘வற்றாத’ என்னும் எச்சத்திலிருந்து அதற்குப் பொருள் காண முயலும் மாணவர்க்கு நான் சொல்வது இது: காது கேட்டதை இலக்கணத்தைக் கொண்டு மறைத்தல் ஆகாது.

எனினும், இந்தப் புது வரவுக்கு நம் கரையில் ஒரு பழைய உறவு உண்டு. நெய்தற் பாடல்களில் மணல்மேற் படர்ந்து, குதிரையின் கழுத்து மணி போலப் பூப்பதாகப் பாடப்படும் அடும்பங்கொடி, வற்றாளையின் நெருங்கிய இனம். தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைக்கின்றனர். வடமராட்சிக் கரையில் அடம்புப் பூவையும், தோட்டத்தில் வற்றாளைப் பூவையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்பவர்க்கு நூற் சான்று வேண்டியதில்லை. நாலாயிரம் காதம் கடந்து வந்த மருமகள், வந்த வீட்டில் தன் சிற்றன்னையைக் கண்டது போன்றது இது.

கப்பல் வாராத காலம்

பாணுக்கும் கிழங்குக்கும் உள்ள தொடர்பு சுவையினால் ஏற்பட்டதன்று, தட்டுப்பாட்டினால் ஏற்பட்டது. கோதுமை இத்தீவில் விளைவதில்லை. திருகோணமலையில் 1980 முதல் ஒரு பெரிய ஆலை அரைத்துத் தருகின்றது. ஆயினும், அங்கே அரைபடும் ஒவ்வொரு மணியும் கப்பலில் வந்ததே. கப்பல் நின்றால் பாண் நிற்கும். பாண் நின்றால் நாம் மண்ணைத் தோண்டிக் கிழங்கெடுப்போம். எண்பது ஆண்டுக் கதை இவ்வளவே.

1942 இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. அதன் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. நகரத்தார் உணவாக இருந்த பாண் கிராமத்து மேசைக்கும் வந்தது அக்காலத்தில். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்ட காலத்தில், மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட நம் தோட்டக்காரர் தலை நிமிர்ந்தனர்; அதே காலத்தில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றோரும் நம்மவரே. மரவள்ளியும் வற்றாளையும் உண்ணுமாறு அரசே சொன்ன காலம் அது. 1990 இல் மின்சாரம் போயிற்று. பொருளாதாரத் தடை வந்தது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிப் படித்தோம். 2006 ஆகத்து 11 இல் முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, குடாநாடு முழுவதும் கப்பலை எதிர்பார்த்து நின்றது. 2022 இல் போர் ஓய்ந்து பதின்மூன்று ஆண்டான பின்னரும், வெளிநாட்டுப் பணம் இன்றி மாவின் விலை ஏறிற்று, எரிவாயு இல்லை, போறணைகள் பல அணைந்தன, மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது.

இது நமக்கு மாத்திரம் உரிய அனுபவம் என்று எண்ணுதல் வேண்டா. முதலாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலும் கோதுமைக்கு முடை வந்தது. அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்து அறிவியல் ஆசிரியராக உயர்ந்த ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பார், அலபாமாவிலுள்ள டஸ்கீகிக் கல்லூரியில், வற்றாளையை மாவாக்கிக் கோதுமையோடு கலந்து பாண் சுட்டுக் காட்டினார். 1918 இல் அரசின் விவசாயத் துறை அவரைத் தலைநகருக்கு அழைத்து அதனைக் கேட்டறிந்தது. போர் முடிந்தது, கோதுமை மலிந்தது, கிழங்கு மறக்கப்பட்டது. முடை வந்தால் அழைப்பதும் முடை தீர்ந்தால் மறப்பதும் எந்நாட்டார்க்கும் பொது.

நம்மிடம் மறதியோடு நாணமும் சேர்ந்துகொண்டது. விருந்தினர் வந்தால் கடைக்கு ஓடிப் பாண் வாங்குவோம். கிழங்கு அவித்த பானையை அடுப்பங்கரையின் ஓரத்திற்குத் தள்ளுவோம். நம் மண்ணில் விளைந்தது இல்லாமையின் அடையாளமாயிற்று. ஒரு மணியும் விளையாதது மதிப்பின் அடையாளமாயிற்று. எனக்கு இக்கிழங்குப் பாணில் உள்ள அக்கறை இங்கேதான் பிறந்தது. இரண்டையும் ஒரே தகரத்தில் இட்டுச் சுட்டால் யார் யாருக்கு நாணுவது?

செய்யும் வகை

இதனை எங்கள் வீட்டிற்குக் கொண்டுவந்தவள் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தமக்கையின் மகள். அந்நாட்டில் நொதிக்க வைக்காமல் சோடாவினால் பொங்கச் செய்யும் பாண்வகை பல உண்டு. வாழைப்பழத்திலும், பூசணியிலும், வற்றாளையிலும் செய்வர். இவ்வகைக்கு மாவைப் பிசைந்து மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கலந்தவுடன் சூட்டில் வைத்துவிட வேண்டும். விரைவில் ஆவது என்பதே அங்கு அதற்குப் பெயர். நான் அரிதட்டைப் பிடித்தேன், என் மனைவியார் மேற்பார்வை செய்தார், செய்தவள் மருமகள்.

முதலிற் கிழங்கு. தோல் இறுகி, வண்டு துளைத்த அடையாளம் இல்லாததாகத் தெரிதல் வேண்டும். வண்டு புகுந்த கிழங்கில் ஒரு கசப்பு ஊறும். அவித்தாலும் சுட்டாலும் அது போகாது. அவிப்பதிலும் சுடுவது மேல். நீரில் அவித்த கிழங்கு நீரை ஏற்கும். பாண் களிபோல ஆகிவிடும். அடுப்புச் சாம்பலில் தோலோடு புதைத்து மெல்ல வாட்டினால் நீர் வற்றும், இனிப்பும் மிகும். அதற்குக் காரணம் உண்டு. கிழங்கின் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் ஒரு பொருள் அதற்குள்ளேயே இருக்கின்றது. இளஞ்சூட்டிலே தான் அது வேலை செய்யும். கொதிசூடு மிகுந்தால் அழிந்துவிடும். ஆகவே, கிழங்கு மெல்லச் சூடேறும்போது அதற்கு வேலை செய்ய நெடுநேரம் கிடைக்கின்றது. சாம்பலிற் சுட்ட கிழங்குக்கு நிகரில்லை என்று நம் முன்னோர் நாவினால் அறிந்திருந்ததற்கு அறிவியல் தரும் விளக்கம் இது.

சுட்ட கிழங்கின் தோலை உரித்து, நார் இருந்தால் நீக்கி, கட்டியின்றி மசித்து 250 கிராம் எடுத்துக்கொள்க. பனங்கட்டி 150 கிராமைச் சீவி, மூன்று மேசைக்கரண்டி நீரில் கரைத்து, வடித்து ஆறவிடுக. வடித்தலை விடுதல் ஆகாது. குட்டானில் வந்த கட்டியில் மணல் இருந்தால் பல் சொல்லும். கோதுமை மா 175 கிராமும் குரக்கன் மா 50 கிராமும் சேர்த்து, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி மட்டமாகவும், உப்பு அரைத் தேக்கரண்டியும் இட்டு, இருமுறை அரிக்க. கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி, வேர்க்கொம்புத் தூள் அரைத் தேக்கரண்டி, ஆறு ஏலத்தின் விதையும் மூன்று கராம்பும் சேர்த்து இடித்த தூள், சாதிக்காய் ஒரு சிட்டிகை ஆகியவற்றை அம்மாவோடு கலக்க. வேறொரு பாத்திரத்தில் முட்டை இரண்டை அடித்து, தேங்காயெண்ணெய் 100 மில்லிலீற்றர், புளித்த தயிர் நான்கு மேசைக்கரண்டி, பனங்கட்டிப் பாகு, மசித்த கிழங்கு ஆகியவற்றைச் சேர்க்க. பின்னர் மாவை அதிற் கொட்டி, அகப்பையால் மெல்லப் புரட்டுக.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். கோதுமை மாவில் ஒரு பசைத்தன்மை உண்டு. நொதிக்க வைத்துச் சுடும் பாணுக்கு அதுவே உயிர். நன்றாகப் பிசைந்து அதனை வலுப்படுத்துவர். இப்பாணுக்கோ அது பகை. மிகக் கலக்கினால் பாண் இறப்பர் போல் இழுபடும். மா மறைந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். கிழங்கிலும் குரக்கனிலும் அப்பசை இல்லாமையே இங்கு நன்மையாகின்றது. மென்மை அதனால் வருவது. மற்றையது சோடா. புளிப்பைச் சந்தித்தவுடன் அது காற்றைக் கக்கத் தொடங்கும். அக்காற்றுக் குமிழிகள் ஓடிப்போகுமுன் சூட்டிலே சிறைப்படுத்தல் வேண்டும். ஆதலால் கலவையை வைத்துவிட்டு அயல்வீட்டுக் கதை கேட்கப் போதல் கூடாது.

அப்பச்சோடா என்னும் பெயரையும் ஈண்டு ஒரு கணம் நினைக்க வேண்டும். நம் அப்பம் பொங்கியது கள்ளினால். கள் வைத்த மாவுக்கு இரவு முழுவதும் காத்திருந்த கைகளுக்கு, மா புளித்தலும் பொங்கலும் புதுமை அல்ல. பின்னாளில் கள்ளின் இடத்துக்குச் சோடா வந்தது. வந்த பொருளுக்கு நம் பெண்கள் தாம் அறிந்த பணியாரத்தின் பெயரையே முன்னிட்டு வைத்தனர். எந்த அகராதிக் குழுவும் கூடி இதனைச் செய்யவில்லை.

இனிச் சுடுதல். போறணை உள்ளவர்கள் 175 பாகை செல்சியசில், 9 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள தகரத்தில் எண்ணெய் பூசிக் கலவையை இட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்தல் போதும். இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. அடி தடித்த பெரிய கிடாரம் ஒன்றில் இரண்டங்குல உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, மூடி, கால் மணி நேரம் சூடேற்றுக. மணலின்மேல் மூன்று சிறு கற்களை வைத்து அவற்றின்மேல் தகரத்தை இருத்துக. மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புக. கீழே தீ மட்டாக, மேலே தணல் மாறாது இருத்தல் வேண்டும். மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் பிறந்தநாட் கேக்கும் நத்தார் கேக்கும் இவ்வாறுதான் நம் வீடுகளில் சுடப்பட்டன. 2022 இல், எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசை நீண்ட நாள்களில், பரணிலிருந்த அந்தக் கிடாரங்கள் சில மீண்டும் இறங்கின.

முக்கால் மணி நேரம் சென்றபின் மாத்திரம் மூடியைத் திறக்க. ஈர்க்கு ஒன்றை நடுவிற் குத்தி எடுத்தால், மா ஒட்டாது வருதல் வேண்டும். பத்து நிமிடம் தகரத்திலேயே ஆறவிட்டு, பின் கவிழ்த்து எடுக்க. சுட்ட அன்றைக்கு உண்ணலாம். மறுநாள் உண்டால் கிழங்கின் ஈரம் எங்கும் பரவி, கறுவாவின் மணமும் ஊறியிருக்கும்.

அந்த மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1505 இல் போர்த்துக்கேயரின் மரக்கலம் இத்தீவை அடைந்தது. அவர்களை இங்கு நிலைக்கச் செய்தது கறுவா. அவர்களுக்குப்பின் ஒல்லாந்தர் அதனைத் தம் தனி வாணிபமாக வைத்திருந்தனர். தென்னிலங்கைக் கறுவாவும், அதற்காக வந்தவர் விட்டுச்சென்ற பாணும், அமெரிக்கக் கிழங்கும், யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியும் ஒரு தகரத்துக்குள் ஒரு மணி நேரம் சேர்ந்திருந்து வெளிவருகின்றன. இவற்றுள் எது அயல், எது உள்ளூர் என்று வெட்டிப் பிரிக்க நம் வீட்டுக் கத்தியால் முடியாது.

ஆச்சியின் தீர்ப்பு

என் தாயாருக்கு எண்பது கடந்துவிட்டது. வற்றாளையை அவர் தொடுவதில்லை. கிழங்கு அடுப்பில் இருப்பது தெரிந்ததும், “உதைத் திண்ட காலம் காணும், தம்பி. எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். காரணம் எங்களுக்குத் தெரியும். பேத்திக்குத் தெரியாது.

1995 ஐப்பசி 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் எல்லாரும் ஊரை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். மழையும் இருளும். எங்களுக்கு முன்பின் அறியாத ஒருவர் தம் வளவில் இடம் தந்தார். அவ்வீட்டு அம்மா, தம் தோட்டத்து வற்றாளையை நாளும் ஒரு பெரிய பானையில் அவித்து, வளவில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் பகிர்ந்தார். பல வாரம் அதுவே காலை உணவு. சில நாள் இராவுணவும் அதுவே. ஊர் திரும்பிய பின், என் தாயார் சந்தையில் அக்கிழங்கை விலை கேட்டதும் இல்லை.

பாண் ஆறியபின் மருமகள் ஒரு துண்டை வெட்டி, தேநீரோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். “அம்மம்மா, ஒரு கடி கடிச்சுப் பாருங்கோ. பிடிக்காட்டி வையுங்கோ” என்றாள். அவர் தேநீரில் தோய்த்து ஒரு சிறு துண்டை வாயிலிட்டார். நெடுநேரம் மென்றார். பின்,

“கிழங்கு தெரியேல்லை” என்றார்.

மருமகளின் முகம் வாடியது. கிழங்கு தெரிய வேண்டும் என்றல்லவா அவள் அத்தனை பாடுபட்டாள்! தாயார் அதனைப் பாராட்டாகச் சொன்னார் என்பதை என் மனைவியார் பின்னர் விளக்க வேண்டியதாயிற்று. தாயாரோ துண்டு முழுவதையும் உண்டு முடித்து, சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, “இஞ்சை பார் பிள்ளை, அந்த மீசாலை வீட்டு மனிசி இப்பவும் இருக்கிறாவோ தெரியாது. இருந்தால் இதிலை ஒரு பாதியை ஆரிட்டையும் குடுத்து அனுப்பலாம்” என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் அந்தக் கிழங்கை வெறுத்திருந்தார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அந்தக் கையை அவர் ஒருநாளும் மறக்கவில்லை என்பது அன்று தெரிந்தது. விசாரித்தோம். அந்த அம்மா இருக்கிறார். மறுநாள் மருமகள் புதிதாக ஒன்று சுட்டாள். பாதி போதாது என்பது அவள் எண்ணம். பாண் பேருந்தில் தென்மராட்சிக்குப் போயிற்று.

எப்பெயரால் அழைப்பது?

இறுதியாக, நண்பர் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தமிழ்ப் பண்டிதனாகிய நீர் பாண் என்ற அயற்சொல்லை இத்தனை முறை எழுதலாமோ? வெதுப்பி என்று எழுதினால் ஆகாதோ? என்பது அது. நல்ல கேள்வி. வெதுப்புதல் என்னும் வினை பழைய தமிழ். சூடேற்றுதல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த வெதுப்பகம் என்ற சொல் நம் தெருக்களின் பெயர்ப்பலகைகளில் அழகாக நிலைத்துவிட்டது. அதனை நான் விரும்பிப் பயன்படுத்துவேன். ஆனால், வெதுப்பகத்துக்குள் நுழைந்த எவரும், ‘ஒரு றாத்தல் பாண்’ என்றே கேட்கின்றனர். பலகைக்குத் தமிழ் வந்தது. வாய்க்குப் பாணே இருக்கின்றது. இதில் இழிவு ஒன்றும் இல்லை. வற்றாளையும் வந்த சொல். அதனை அயற்சொல் என்று யார் நினைக்கின்றனர்?

வந்த பொருள் எப்பொழுது நம்முடையதாகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே. கப்பல் வாராத நாளில், இருக்கும் பொருளைக் கொண்டு, இருக்கும் அடுப்பில், அதனை நம் கை ஆக்க வல்லதாயின் அது நம்முடையது. கோதுமையில் கால் பங்கைக் குரக்கனுக்கும் ஈரத்திற் பெரும் பங்கைக் கிழங்குக்கும் விட்டுக்கொடுக்கும் பாண், கடைப் பாணிலும் நமக்கு நெருங்கிய உறவு. ஆபிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில், உள்ளே செம்மஞ்சள் நிறமுடைய வற்றாளையைக் கோதுமையோடு கலந்து ‘பொற்பாண்’ என்ற பொருள்படும் பெயரில் சுட்டு விற்றிருக்கின்றனர். அந்நிறக் கிழங்கில் கண்ணுக்கு நலந்தரும் உயிர்ச்சத்து ஏ ஆகும் பொருள் மிகுதி. அதனைப் பரப்பிய அறிஞர்க்கு 2016 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இல்லாதவர் உணவு என்று நாம் ஒதுக்கியதை உலகம் மாலையிட்டு எடுத்திருக்கின்றது.

நமக்கு மாலையும் பரிசும் வேண்டியதில்லை. சந்தையில் வற்றாளை குவிந்திருக்கும் நாளில் ஒரு கிலோ வாங்கி, தணலில் வாட்டி, மேற்சொன்னவாறு ஒருமுறை செய்து பார்த்தல் போதும். விருந்தினர் வந்தால் வெட்டி வையுங்கள்; என்ன என்று கேட்டால் கிழங்கு என்றே சொல்லுங்கள். பெயரைப் பற்றிய வழக்கு முடியாதிருப்பின் அதனை நாளைக்குத் தள்ளிவைக்கலாம். பாணும் நாளைக்குத்தான் சுவை மிகும்.